அண்ணன் சீராகக் கொண்டுவந்த வளைந்த டிவி

என் ஆசை அண்ணே,

நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இன்றைக்குத்தான் உனக்கு எழுத உட்கார முடிந்தது. சொல்ல ஒரு நல்ல செய்தி இருக்கிறது, கேட்க ஒரு மன்னிப்பும் இருக்கிறது. எதை முதலில் சொல்ல?

நல்லதையே சொல்கிறேன். என் மகள் அபி ஒத்தக்கடையில் வீடு கட்டி முடித்துவிட்டாள். அடுத்த மாதம் பால் காய்ச்சுகிறோம். நீ இல்லாத குறைக்கு உன் மகன் செந்தில்தான் தாய்மாமன் இடத்தில் நின்று சீர் கொண்டுவருகிறான். போன வாரம் போன் செய்தான்.

"அத்தை, அப்பா ஒங்க வீட்டுக்கு எடுத்தாந்தாருல்ல, அதே மாதிரி வளைஞ்ச டிவிதான் அபிக்கும் எடுக்கப் போறேன். இப்ப அது வர்றதே இல்லையாம். தேடிப் பிடிச்சு ஒரு கடையில பழைய ஸ்டாக் ஒண்ணு கெடக்குன்னு சொல்லிருக்காங்க. வெள்ளிக்கிழம அட்வான்ஸ் குடுத்துருவேன். அப்பா எம்புட்டுப் பெருமையாப் பேசுவாரு அதப் பத்தி!"

போனை வைத்தபிறகும் எனக்கு மனம் ஒப்பவில்லை அண்ணே. ஏன் என்று கேட்கிறாயா?

பத்து வருடத்துக்கு முன்னால் வண்டியூரில் எங்கள் வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று, மேளச் சத்தத்தோடு, தாம்பாளத் தட்டுகளுக்குப் பின்னால், நான்கு பேர் தூக்கிவர நீ அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினாய். தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. பிறந்த வீட்டுப் பெருமை தாங்காமல் நான் அழுதே விட்டேன். பெட்டியைப் பிரித்து வைத்தபோது அந்த வளைவு அவ்வளவு அழகாக இருந்தது. அணைத்து வைத்திருக்கும்போது இன்றைக்கும் அழகுதான்.

போட்டால்தான் வினை. நேர் எதிரே, நட்ட நடுவில், கொஞ்சம் கிட்டத்தில் உட்கார்ந்தால் படம் நன்றாகத்தான் இருந்தது. ஓரத்தில் உட்கார்ந்தவர்களுக்கோ அவர்கள் பக்கத்துத் திரை முகத்தைத் திருப்பிக்கொண்டது. அங்கே வந்து நிற்கிற ஆள் யாராக இருந்தாலும் ஒட்டடைக் குச்சி மாதிரி மெலிந்துபோனார். ஜன்னல் வெளிச்சம் பட்டால் திரை நெடுக இழுபட்டுக் கிடக்கும். சுவரில் மாட்டினோம், இரண்டு ஓரமும் காது மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

நம் வீடுகளில் யார் அண்ணே நடுவில் உட்கார்ந்து டிவி பார்க்கிறார்கள்? ஒருவர் தரையில் வெங்காயம் உரிப்போம், ஒருவர் கட்டிலில் சாய்ந்திருப்போம், ஒருவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றே பாதி நாடகத்தைப் பார்த்துவிடுவோம். கிரிக்கெட் ஓடும் நாளில் உன் மாப்பிள்ளை என் உயிரை வாங்குவார். "பவுலர் ஓடி வாரான், பேட்ஸ்மேனைக் காணோம்டி. இந்த டிவி ஒங்க அண்ணன் ஒருத்தருக்குன்னு செஞ்சது போல!"

அவர் சொன்னதும் நிஜம்தானே. நீ வந்தால் இவர் எழுந்து நடு இடத்தை விட்டுத் தருவார். பெண் கொடுத்த வீட்டு மூத்தவரை ஓரத்தில் உட்காரவைக்கும் வழக்கம் நம்மிடம் ஏது? அதனால் டிவி நன்றாகத் தெரிகிற ஒரே இடத்திலிருந்துதான் நீ அதைப் பார்த்தாய். வரும்போதெல்லாம் கேட்பாய், "டிவி எப்புடி இருக்கு செல்வி? சொல்லு." நானும் கூசாமல் சொல்வேன், "கண்ணுல ஒத்திக்கலாம்ணே."

சீரைக் குறை சொன்னால் புகுந்த வீட்டில் எனக்குத்தான் தலைகுனிவு. அதைவிட, உன் முகம் வாடுவதை என்னால் பார்க்க முடியாது. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதுகூட அதைத்தான் கேட்டாய். அன்றைக்கும் பொய்தான் சொன்னேன். உன்னிடம் நான் பேசிய கடைசிப் பேச்சு ஒரு பொய் என்று இந்த ஒன்றரை வருடமும் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

அந்தப் பொய்யை நம்பி இப்போது உன் மகனும் ஏமாறப் போகிறான். வியாழக்கிழமை காலையிலேயே பஸ் ஏறித் தல்லாகுளத்தில் உன் வீட்டுக்குப் போனேன். செந்திலை உட்காரவைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பிள்ளைக்கு முகமே செத்துப்போனது.

"இத்தன வருசமா எங்க அப்பாவ ஏமாத்திருக்கீங்களா அத்தை?"

அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். மடித்த துண்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏமாத்தவும் இல்ல, அவரு ஏமாறவும் இல்ல. வாங்கிக் குடுத்த ரெண்டாவது மாசமே அவருக்குத் தெரியும். நீயும் நானும் அடுப்படியில நின்னப்ப ஓரத்துல உக்காந்து பாத்துருக்காரு. வீட்டுக்கு வந்து, இவனுக்குத் தெரியாம எங்கிட்ட ஒரே பொலம்பல். 'கடைக்காரன் பேச்சக் கேட்டு ஏமாந்துட்டேன்டி, எந்தங்கச்சி அத வச்சுக்கிட்டு என்ன பாடுபடுதோ'ன்னு. அப்ப மாத்திக் குடுங்கன்னேன். 'நானாப் போயி மாத்துனா சீர் சரியில்லன்னு நாலு பேரு பேசுவாக. அது ஒரு வார்த்த சொல்லட்டும், மாப்ளகிட்டப் பேசி நாளைக்கே மாத்திப்புடுறேன்'னாரு. அதுக்குத்தான செல்வி ஒவ்வொரு தடவையும் ஒங்கிட்ட கேட்டாரு?"

அண்ணே, எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் அந்த நிமிடமே இறங்கிவிட்டது. நான் உன்னை ஏமாற்றவில்லை. உன்னை ஏமாற்ற என்னால் எப்போதுதான் முடிந்திருக்கிறது?

செந்தில் அங்கேயே கடைக்குப் போன் போட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அபிக்குச் சாதாரணத் தட்டை டிவிதான் வருகிறது. தனியாக இருப்பவர், ஒரு நாற்காலியை எதிரே போட்டு நகராமல் பார்ப்பவர் என்றால் வளைந்தது வாங்கட்டும். கெட்டுப்போனால் பாகம் கிடைக்குமா என்பதை அவரே விசாரித்துக்கொள்ளட்டும். நாலு பேர் நாலு மூலையில் கிடக்கிற வீட்டுக்கு அது ஆகாது. எங்கள் வீட்டில் இருப்பதையும் மாற்றலாம் என்கிறார் இவர். முதல் தடவையாகச் சரி என்றேன்.

கிளம்பும்போது செந்தில் வாசல் வரை வந்தான். "அத்தை, உண்மையச் சொல்லுங்க. போன பொங்கலுக்கு நான் எடுத்துக் குடுத்த சேலை?"

'நல்லாருக்குப்பா' என்று பழைய பொய்யே வாய் வரை வந்தது. பிறகு சொன்னேன், "கலரு எனக்கு ஆகலப்பா. இன்னும் கட்டவே இல்ல."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான் அண்ணே. "இம்புட்டுத்தான? அடுத்த தடவ நீங்களும் கடைக்கு வாங்க" என்றான். அவ்வளவுதான், அதோடு முடிந்தது. நீயும் இப்படித்தான் சிரித்திருப்பாய், இல்லையா?

உன் மகன் கேட்பதற்கு இனி நான் மறைக்காமல் பதில் சொல்வேன். இது சத்தியம். நீ அத்தனை வருடம் கேட்டாய், நான் ஒரு தடவையாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மன்னித்துவிடு அண்ணே.

உன் கூடப் பிறந்தவள்,
பாண்டிச்செல்வி