வாண்டுக்குப் போட்ட சிவப்புக் கண்ணாடி

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர மற்றதெல்லாம் சுகம். நீ சுகமாக இருப்பது போனில் உன் குரலைக் கேட்டாலே தெரிகிறது, இருந்தாலும் கேட்காமல் எழுத எனக்கு வராது, சுகந்தானே? வேலையில் லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது இடுப்பில் பெல்ட் மாட்டுகிறாயா? மாட்டுறேம்மா என்று கொட்டாவி விட்டுக்கொண்டே சொல்வதெல்லாம் என்னிடம் செல்லாது. வேளைக்குச் சாப்பிடு. கீழ் வீட்டுப் பூனை நம் கடைக்குள் குட்டி போட்டிருக்கிறது, அதுவும் கண் பரிசோதிக்கிற நாற்காலிக்கு அடியில், உன் அப்பா அதைத் துரத்தவும் மனசில்லாமல் வருகிறவர்களிடம் காலைப் பார்த்து வையுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்போது நல்ல செய்தி. உன் அக்கா மகளை, நம் வாண்டை, அதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார வைப்போம் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்களே, அது இல்லையென்று ஆகிவிட்டது. அவள் தோழிகளோடு சேர்ந்து மேல் வகுப்புக்குப் போகிறாள். இது உன்னால் நடந்தது, கண்ணா. ஒரே வீட்டில் இருந்துகொண்டு நாங்கள் இத்தனை பேர் பார்க்காததை நீ கடல் கடந்து இருந்து பார்த்தாய்.

எங்களுக்கு என்ன தெரிந்தது சொல்லு. கதை கேட்டால் ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்லும் பிள்ளை, அதையே எழுதச் சொன்னால் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்குள் மணி அடித்துவிடும். முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துச் சொல்வாள், வரி விட்டு வரி தாவுவாள், பள்ளிக்குக் கிளம்புகிற நேரம் வயிற்றுவலி வரும். உன் அக்கா சோம்பேறி என்று திட்டினாள். உன் அப்பாவுக்கு உலகத்தில் எந்தக் கோளாறு வந்தாலும் கண் பவர்தான் காரணம், கண்ணாடிக் கடைக்காரராயிற்றே, முதலில் நீல ஃபிரேமில் கண்ணாடி போட்டார், சரிவரவில்லை என்று பவரை மாற்றிச் சிவப்புக் கண்ணாடி போட்டார். போட்டுவிட்டு சுவரில் தொங்கும் எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னால் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று சொன்னாள், இவருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் கடையிலேயே தவழ்ந்து வளர்ந்தவள், அட்டை முழுக்க அவளுக்கு மனப்பாடம் என்று இவருக்குத் தோன்றவே இல்லை. பிறகு கேட்டதற்கு, தாத்தா ஆசையாப் போட்டாரு, தெரியலன்னு சொன்னா பாவமில்லையா என்றாளாம்.

அன்றைக்குப் போனில் அவள் உனக்குக் கதை படித்துக் காட்டியபோது நாங்கள் பூரித்துப் போயிருந்தோம். நீதான் படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு நடுவிலிருந்து ஒரு வரி படி என்றாய். அவள் புத்தகத்தை மூடிவிட்டாள். அப்புறம் என்னிடம், அம்மா, அவ படிக்கல, ஒப்பிக்கிறா, நானும் அப்படித்தாம்மா காலத்த ஓட்டினேன், திட்டாதீங்க, யார்கிட்டயாவது காட்டுங்க என்று சொன்னாய். நானும் அப்படித்தான் என்ற அந்த ஒரு வார்த்தையை வெளியே சொல்ல உனக்கு எவ்வளவு மனசு வேண்டியிருந்திருக்கும்.

நீ சொன்னபடி ஒரு சிறப்பாசிரியையிடம் காட்டினோம், அவர் பலமுறை உட்கார வைத்துச் சோதித்தார். இதற்கு டிஸ்லெக்சியா என்று பெயராம், கண்ணிலும் குறையில்லை புத்தியிலும் குறையில்லை, எழுத்தையும் ஒலியையும் சேர்ப்பதற்கு மட்டும் இவளுக்கு வேறு விதமாகச் சொல்லித்தர வேண்டும் என்றார். குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டபோது உன் அப்பா இல்லை என்று தலையாட்ட, நான் என் மகனுக்கு உண்டு, அவன்தான் இதைக் கண்டுபிடித்தான் என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். பள்ளிக்கும் அவரே வந்து பேசினார். இனி கூடுதல் நேரம் தருவார்கள், சில பாடங்களுக்கு வாயால் பதில் சொன்னால் போதும். மணலில் விரலால் எழுதிச் சத்தமாகச் சொல்லிப் பழகுகிறாள். வயிற்றுவலி இப்போதெல்லாம் வருவதில்லை. உன் அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள், உன்னிடம் பேச வெட்கப்படுகிறாள், நீயே கூப்பிடு.

ஒரு வரிக்குமேல் கண் ஓடாமல் இருக்க அட்டைத் துண்டு வைத்துப் படிக்கச் சொன்னார்கள். உன் அப்பா கடைச்சுவரில் இருந்த எழுத்து அட்டையைக் கழற்றித் துண்டு துண்டாக வெட்டிவிட்டார். அதில் ஒன்றை உறையில் வைக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. நீ படிக்கச் சிரமப்படக் கூடாது என்றுதான் இந்தத் தடவை எழுத்தைப் பெரிதாக, இடம் விட்டு எழுதியிருக்கிறேன். பதில் எழுதவில்லை என்று இனி உன்னைக் குறைசொல்ல மாட்டேன், போனில் பேசு, அது போதும்.

நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இரு. பெல்ட்டை மறக்காதே.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா

கீழே வாண்டு தானே எழுதியது:
மாமா, அட்டையை வச்சு மெதுவாப் படிங்க. அவசரமில்ல. நானும் அப்படித்தான் இதை முழுசாப் படிச்சேன்.