இரண்டு பலகையா, மூன்றா?

ஜானு,

செய்தி சேகரிக்கப் பேரையூர் போகிறேன், நாளைதான் திரும்புவேன். ரசம் அடுப்படியில் இருக்கிறது. சாயங்காலம் சிம்மக்கல்லிலிருந்து பாத்திரப் பட்டறை வீரணன் வருவார். வண்டியூர்க் கண்மாயில் விட நமக்கு எந்தப் படகு வேண்டும் என்று நீயே சொல்லிவிடு.

இரண்டும் ஒரே அலுமினியத் தகடு, ஒரே நீளம். ஒன்றில் உட்கார இரண்டு பலகை, மற்றதில் மூன்று. பட்டறைக்குப் பக்கத்திலிருக்கும் வைகையில் தண்ணீர் இல்லாததால், குடத்தைச் சோதிப்பதுபோல் படகுக்குள் தண்ணீரை ஊற்றிப் பார்த்திருக்கிறார். "ஒரு சொட்டு ஒழுகல சார், அம்புட்டுக் கெட்டி" என்றார். உள்ளே ஊற்றியது வெளியே வராவிட்டால் வெளியே இருப்பதும் உள்ளே வராது என்று நம்புவோம்.

"நீங்களும் கொழந்தைகளுமா போயிட்டு வாங்கோ, நான் கரையிலேயே உக்காந்துக்கறேன்" என்று நேற்றுச் சண்டையில் சொன்னாய். அப்படியானால் இரண்டு பலகை போதும்.

வீரணனுக்குக் காபி கொடு. சர்க்கரை தூக்கலாக இருக்கட்டும்.

ஹாலாஸ்யம்

கடைசியாக ஒன்று: மூன்று பலகை என்றே சொல்லிவிடேன். துடுப்புப் போடுகிறவன் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டுமாம். நீ கரையில் இருந்தால், வண்டியூர்க் கண்மாய் முழுக்க நீ சிறிதாகிக்கொண்டே போவதைப் பார்த்தபடி நான் துடுப்புப் போட வேண்டியிருக்கும்.