கரிலாரியில் மோட்டார் பந்தயத்துக்கு

பூந்தமல்லி

பிப்ரவரி 4, 1946, திங்கள்

ஆவடி பட்டாளத்து டிப்போ ஏலம். எனக்கு வேண்டிய டயர் குவியலைக் காலால் தட்டி, "நூல் தெரியுது, மட்கிப் போச்சு" என்று பக்கத்தில் நின்றவன் காதில் விழும்படி முணுமுணுத்தேன். அவன் ஒதுங்கினான். எடுத்துக்கொண்டேன். வேண்டாத சரக்கைத்தான் புகழ்வது. பதினாலு வருஷமாக எனக்குச் சோறு போடுவது இந்த வாய்தான்.

என் பழைய மோட்டார் சாமான் கடைக்குப் பின்னால் ரிப்பேர் ஷெட் கட்டி முடிந்தது. நடுவில், ஆள் இறங்கி நின்று வண்டியின் அடிப்பக்கம் பார்க்க ஒரு குழி. என் சிநேகிதன் நஜீரின் உயரத்துக்குத் தோண்டச் சொன்னேன். அவனுக்கு இன்னும் தெரியாது.

பிப்ரவரி 8, வெள்ளி

துலுக்கானம் செய்தி கொண்டுவந்தான். வண்டி மாடு வைத்துச் செங்கல் ஏற்றுகிறவன். மோட்டார் என்றால் பைத்தியம். செங்குன்றத்துக்கு அந்தண்டை, யுத்தத்தில் விமானம் இறங்கப் போட்ட தரையில் மோட்டார் பந்தயமாம். வருகிற பதினேழு, ஞாயிறு. நான், அவன், நஜீர் மூவரும் போவதென்று முடிவு. பெட்ரோல் கூப்பன் கிடைக்காது. பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் என் கரிலாரிதான்.

திரும்பி வரும் வழியில், ஷெட்டில் என்னோடு சேர்ந்து மோட்டார் ரிப்பேர் நடத்த வருகிறாயா என்று நஜீரிடம் கேட்டுவிடுவேன். சம பங்கு. கூலிக்கு இல்லை.

சின்ன வயசில் என்னோடு நாலாம் கிளாஸ் வரை படித்தவன். பட்டாளத்து மோட்டார் பிரிவில் சேர்ந்து அஸ்ஸாம் வரை போய், ஐந்து வருஷம் கழித்து மார்கழியில் வந்தான். இப்போது தன் வீட்டு வாசலில் சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிறான். அந்தக் கையா பஞ்சர் ஒட்டுகிற கை? அவன் இல்லாத ஐந்து வருஷமும் எனக்கு வியாபாரம் ஏறுமுகம். சாயங்காலம் கடை மூடியதும் யாரிடம் போய் உட்காருவது என்றுதான் தெரியவில்லை.

இதை இன்றைக்கே போய்ச் சொன்னால் என்ன? சொல்லி, அவன் மாட்டேன் என்றுவிட்டால்?

பிப்ரவரி 17, ஞாயிறு

கை எழுத வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

விடியலிலேயே லாரியின் பின்னால் இருக்கும் உருளையில் கரியைப் பற்றவைத்தோம். காற்று ஊதும் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் துலுக்கானம், "இந்நேரத்துக்கு என் மாடே போய்ச் சேர்ந்திருக்கும் அண்ணாத்தே" என்றான். அம்பத்தூர் தாண்டி லாரி நின்றது. மறுபடி ஊதல். போய்ச் சேரும்போது மூவர் வேட்டியும் கரி. வாசலில் நின்ற சேவகன் எங்களைப் பார்த்து, சமையலுக்குக் கரி வந்திருக்கிறது என்று நினைத்துப் பின்பக்கமாகப் போகச் சொன்னான். நஜீர் சலாம் வைத்து "சரிங்க" என்றான். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. அப்படிச் சிரித்து எத்தனை காலம்!

கயிற்றுக்கு அந்தப் பக்கம் பந்தலில் துரைகளும் பெரிய மனிதர்களும். இந்தப் பக்கம் வெயிலில் நாங்கள். பதினோரு கார். கொடி விழுந்ததும் எழுந்த சத்தம் காலடி வழியாக ஏறி நெஞ்சில் உட்கார்ந்தது. நான் வண்டிகளைப் பார்த்தேன். நஜீர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"பச்சை வண்டில ஒரு சிலிண்டர் வேலை செய்யல மச்சான். ரெண்டு சுத்துல நிக்கும் பாரு."

நின்றது, எங்களுக்கு நேர் எதிரில். நஜீர் கயிற்றுக்கு அடியில் நுழைந்துவிட்டான். போலீஸ்காரன் கத்தியது அவன் காதில் விழவே இல்லை. மூடியைத் தூக்கினான், எதையோ கழற்றித் துடைத்து மாட்டினான், வண்டி சீறிக்கொண்டு போய்விட்டது. மூன்றாவதாக வந்தது.

பந்தயம் முடிந்ததும் பச்சை வண்டியை ஓட்டியவர் கயிற்றண்டை வந்தார். கோயம்புத்தூர் மில் குடும்பத்துப் பையன். எங்களில் மூத்தவனாகத் தெரிந்த என்னிடம் கேட்டார்: "இவர் உங்க ஆளா? வேலையில எப்படி?"

நஜீரைப் பறித்துக்கொண்டு போகப் போகிறார் என்று தெரிந்தது. வாய் தானாகப் பேசியது.

"சும்மா சைக்கிள் ரிப்பேர் பாக்கறவன் சார். பட்டாளத்துல ஏதோ கத்துக்கினு வந்தான். பெரிய வண்டிய நம்பிக் குடுக்க முடியாது."

பின்னால் நஜீர் கை துடைத்துக்கொண்டு நின்றான். துடைப்பது நின்றது.

அந்தப் பையன் சிரித்தார். பெரிய வண்டியைத்தானே இப்போது ஓடவைத்தார் என்று சொல்லி, கோளாறை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று நஜீரிடமே கேட்டு, விலாசம் எழுதி அவன் கையில் கொடுத்தார்.

வரும் வழியில் மூவரும் ஒரே சீட்டில். அம்பத்தூரில் சொல்லலாம் என்றிருந்தேன். ஆவடியில் சொல்லலாம் என்றிருந்தேன். பூந்தமல்லியே வந்துவிட்டது. நஜீர் இறங்கி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "வரேன் மொதலாளி."

பிப்ரவரி 18, திங்கள்

மொதலாளியாம். என்னை. அவன்.

பிப்ரவரி 23, சனி

அவன் ஊட்டுக்குப் போனேன். அவன் சம்சாரம் வஹீதுன்னிசா டீ கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டது. எப்போதும் "இன்னா அண்ணே, வழி தெரிஞ்சுதா" என்று கேட்கும்.

எல்லாவற்றையும் கொட்டினேன். ஷெட், குழி, பங்கு. "ஏலத்துல செய்யறத செஞ்சிட்டேன்டா. எனக்கு வேணும்னாதான் மட்டம் தட்டுவேன். உனக்குத் தெரியாதா?"

நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"என்னையும் ஏலத்துலயா வெச்ச மச்சான்?"

மச்சான் என்றான். அது போதும் என்று இருந்தது, ஒரு நிமிஷம்.

பிறகு சொன்னான், கோயம்புத்தூருக்கு எழுதிவிட்டானாம். "போன வாரம் கேட்டிருந்தா உன் குழியிலயே படுத்துகினு இருப்பேன். அந்தப் பையன் எங்கிட்ட நான் யாருன்னு கேக்கல மச்சான். எப்பிடிக் கண்டுபுடிச்சேன்னு கேட்டான்."

நான் அதைக் கேட்கவே இல்லை. இன்றுவரை.

மார்ச் 6, புதன்

கோயம்புத்தூரிலிருந்து எனக்கு ஒரு கடிதம். மில் மானேஜர். நஜீரை மோட்டார் கொட்டகையில் வைத்துக்கொள்ள இருக்கிறார்களாம். அவனைப் பற்றி உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் எழுதித்தர வேண்டும். பதில் பார்த்து முடிவு செய்வார்களாம். என் பெயரைக் கொடுத்திருக்கிறான்.

என் பெயரை! கயிற்றண்டை நான் பேசியதைக் கேட்ட பிறகும்.

ஒரே வரி போதும். 'வேலை சுமார்' என்று எழுதினால் இங்கேயே இருப்பான். பொய் என்று யாருக்கும் தெரியாது. கோபித்துக்கொண்டாலும் நாலு தெரு தள்ளித்தானே கோபித்துக்கொண்டிருப்பான்.

மார்ச் 7, வியாழன்

எழுதவில்லை. கடையிலும் மனசு இல்லை. வந்தவன் கேட்ட விலைக்கே கொடுத்து அனுப்பினேன்.

மார்ச் 8, வெள்ளி

மூன்று தாள் கிழித்தேன். முதல் தாளில் அந்த 'சுமார்' இருந்தது. படித்துப் பார்த்தேன். என் கையெழுத்துதான். பார்க்கச் சகிக்கவில்லை.

நாலாவதில் உள்ளதை எழுதினேன். சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்வான், கை சுத்தம், சொல் சுத்தம். இவனுக்கு இணையாக இந்தப் பக்கத்தில் நான் ஒருவனையும் பார்த்ததில்லை. என்னோடு வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு, கேட்கத் தெரியாமல் விட்டேன். நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

நானே போய்த் தபால் பெட்டியில் போட்டேன். வழியில் துலுக்கானம், உடம்பு சரியில்லையா என்று கேட்டான்.

மார்ச் 24, ஞாயிறு

நேற்று சென்ட்ரலில் நஜீரை ரயில் ஏற்றினோம். குடும்பம் பிறகு போகும். துலுக்கானம் அழுதுவிட்டு, கண்ணில் கரி என்றான். ரயிலடியில் ஏது கரி என்று கேட்க வந்தவன், எஞ்சினைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

நஜீர் ஜன்னலில் கை வைத்துக்கொண்டு, "இன்னா மச்சான், ஏதோ சொல்லணும்னு நிக்கிற?" என்றான்.

"போய்ச் சேந்ததும் கடுதாசி போடு" என்றேன்.

வண்டி நகர்ந்தது. நடைமேடை முடியும் வரை கூடவே நடந்தேன்.

சொல்ல வந்தது அது இல்லை. சொல்ல வேண்டியதை எல்லாம், முகம் தெரியாத ஒரு மானேஜருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.