நிறத்தை மாற்றியது நான்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அக்காவுக்கு இது ஏழாம் மாதம், கால் வீக்கம் வடிந்துவிட்டது. குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, பிளம்பர் நாளை நாளை என்கிறார். போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

தண்ணீரால் காய்ச்சல் பரவியபோது எங்கள் பத்திரிகைக்கு நீ இரண்டு வரைபடம் செய்து அனுப்பினாய். இணையத்துக்கு, தெருவின் மேல் விரல் வைத்தால் நாள்வாரியாகக் கணக்கு விரியும் படம். அச்சுக்கு, நிறம் மட்டும் தீட்டிய படம். ஆயிரம் பேரில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று பார்த்து நிறம் கொடுத்திருந்தாய். கால்வாயோரத் தெருவில் முந்நூறு பேர், பன்னிரண்டு நோயாளிகள், ஆயிரத்துக்கு நாற்பது, அது கடும் சிவப்பு. சந்தைப் பகுதியில் முப்பதாயிரம் பேர், தொண்ணூறு நோயாளிகள், ஆயிரத்துக்கு மூன்றே, அது வெளுப்பு. அச்சுக்குப் போகும் நேரத்தில் அதைப் பார்த்த நான், பிள்ளை தலைகீழாகப் போட்டுவிட்டாள் என்று முடிவு கட்டினேன். யார் எதைச் சொன்னாலும் இன்னும் இரண்டு பேரிடம் கேட்காமல் எழுதாதவன், உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எண்ணிக்கையை மட்டும் வைத்து நிறத்தை மாற்றும்படி பக்கம் வடிவமைக்கும் லேஅவுட்காரரிடம் சொன்னேன். கீழே உன் பெயர் அப்படியே இருந்தது. இணையத்தில் உன் படம் சரியாகவே இருந்ததால் உனக்கு இது தெரிந்திருக்காது.

சுகாதார அலுவலகத்தில் அந்தப் படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டி, மருத்துவ வண்டியைச் சந்தைப் பக்கம் அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் கால்வாயோரத் தெருத் தையற்காரர் எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. “உங்க படத்துல எங்க தெரு வெளுப்பா இருந்துச்சு சார், அதனால தண்ணியக் காய்ச்சாமலே குடிச்சோம்” என்றார். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தார். எங்கள் ஆசிரியர் அவரைச் சமாதானப்படுத்தி, “படம் போட்டது நம்ம நிருபரோட பொண்ணுதான், சின்னப் பொண்ணு, தெரியாம செஞ்சிருக்கும்” என்றார். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன், மகளே. தையற்காரர் படியிறங்கிப் போகும்வரை மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சொன்னேன். “அவ பேரு வந்தப்போ தெருவெல்லாம் காட்டினீங்க, பழி வந்தப்போ ஊமையாயிட்டீங்களா” என்றாள் உன் அம்மா. மறுநாள் காலையிலேயே சுகாதார அதிகாரியிடம் போய்ச் சொன்னேன், மதியமே வண்டி கால்வாய்ப் பக்கம் திரும்பியது. அதற்குள் அந்தத் தெருவில் நோயாளிகள் பன்னிரண்டிலிருந்து முப்பத்தொன்றாகியிருந்தார்கள். திருத்தத்தை ஏழாம் பக்கத்தில் சின்னதாகப் போடலாம் என்ற ஆசிரியரோடு சண்டை போட்டு, முதல் பக்கத்தில் அதே அளவில் நீ தீட்டிய நிறத்தோடு போட வைத்தேன். வரைந்தவர் சரியாகத்தான் வரைந்தார், மாற்றியது நான் என்று என் பெயரில் எழுதினேன். உன்னைக் கேட்காததால் இந்த முறை உன் பெயரைப் போடவில்லை. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தையற்காரர் வீட்டுக்குப் போனேன். மனைவி வீடு திரும்பிவிட்டார், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தையற்காரர் முழுவதையும் படித்து மடித்துக் கொடுத்துவிட்டு, “உங்க பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா சார்” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன்.

இப்போது சொல்லிவிட்டேன். திரையையே பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குப் போன் செய்ய மறக்காதே, உன் குரலுக்குக் காத்திருக்கிறாள். என்னோடு பேச மனம் வரும்போது பேசு, அதுவரை காத்திருப்பேன். நீ நன்றாக இருக்க வேண்டும், உன் உழைப்புக்கு உரிய மரியாதை உனக்குக் கிடைக்க வேண்டும் என்று மனதார வாழ்த்தும்,

தலைகுனிந்து நிற்கும்
உன் அப்பா