ஆற்றங்கரைப் புல்லும் அக்கா சொன்ன பொய்யும்

அக்கா,

இன்று காலை மாதா கோயிலில் பூசை முடிந்து வரும்போது மந்தைவெளித் தெருமுனையில் ஒரு கிடேரிக் கன்று நின்றது. தாடைக்குக் கீழே தண்ணீர்ப்பை கட்டித் தொங்கவிட்டதுபோல் வீக்கம். கீழிமையைப் பிதுக்கிப் பார்த்தேன், வெளுத்துக் கிடந்தது. குடற்புழு, சீக்கிரம் டாக்டரிடம் காட்டு என்று சொந்தக்காரனிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அடுப்பு மூட்டக் கை ஓடவில்லை. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. பேசவேண்டியதை இன்றைக்காவது பேசிவிடுகிறேன்.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானபோது, சாந்தோமில் நம் தெருவில் மிஞ்சியது நாம் இருவர்தான். ரங்கூனுக்குப் போன என் வீட்டுக்காரர் திரும்பவேயில்லை. நீங்களும் தனி ஆள். “மாட்ட விட்டுட்டு எங்கடி போறது? நீ இரு மேரி, நானும் இருக்கேன்” என்றீர்கள். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். அடையாற்றங்கரையில் உங்கள் மாடுகளும் என் மாடுகளும் ஒரே புல்லை மேய்ந்தன. ஒருத்தி காய்ச்சலில் படுத்தால் மற்றவள் இரண்டு மாட்டுக் கொட்டாயையும் பார்த்துக்கொண்டாள்.

யுத்தம் முடிந்த பிறகு, என் வீட்டுக்காரர் விட்டுப்போன பசு முதல்முறையாகக் கிடேரி போட்டது. செவத்தி என்று நீங்கள்தான் பேர் வைத்தீர்கள். மழைக்காலம் முடிவதற்குள் அது கழிந்து கழிந்து எலும்பாகிவிட்டது. மாட்டு டாக்டர் சாணியைக் கரைத்து பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, புழு முட்டையாக இருக்கிறது என்றார்.

“ஒண்ணா மேயற மாடு எல்லாத்துக்கும் ஒண்ணா மருந்து போடணும். ஒரு வீட்டு மாட்ட விட்டாலும் அது போடற சாணியிலேர்ந்து புழு மறுபடி புல்லுல ஏறிடும். மருந்து போட்டா பால் கொஞ்ச நாள் செவப்பாத்தான் வரும். அத விக்காம கீழ ஊத்திடுங்க.”

நீங்களும் பக்கத்தில் நின்று கேட்டீர்கள். மறுநாளே உங்கள் மாடுகளுக்கும் போட்டாயிற்று என்றீர்கள். சில வாரம் கழித்து டாக்டர் இரண்டு வீட்டுச் சாணியையும் கேட்டபோது, உங்களுடையதை நீங்களே வாழை இலையில் மடித்துக் கொண்டுவந்தீர்கள். இரண்டும் சுத்தம் என்றார். அன்று நாம் எவ்வளவு சிரித்தோம்.

செவத்தி தேறி, பனி காய்ந்தபின் மேயப் போய், மறுபடி விழுந்தது. “பக்கத்து மாடுங்களுக்கு நெஜமாவே மருந்து போட்டாங்களா?” என்று டாக்டர் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. “அவங்க எனக்குக் கூடப்பொறந்தவங்க மாதிரி. சாணியத்தான் நீங்களே பாத்தீங்களே?” என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. வேறு நோயாக இருக்குமோ என்று தேடிக்கொண்டிருந்தார். கன்று அதே புல்லைத்தான் தின்றுகொண்டிருந்தது.

நீங்கள் தினம் காலையில் கஞ்சியோடு வந்தீர்கள். அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டீர்கள். ஆடுமாடுகளைக் காக்கும் வனத்து அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றி என் பக்கத்தில் முழங்காலில் நின்றீர்கள். மூன்றாவது மெழுகுவத்திக்குள் செவத்தி போய்விட்டது.

புதைத்து வந்த அன்றுதான் நம் இரண்டு வீட்டிலும் பால் கறந்த நாகப்பன் வாசலில் தயங்கி நின்றான். “சொல்லக்கூடாதுன்னு இருந்தேம்மா. அவங்க மாட்டுக்கு மருந்தே ஊத்தல. டாக்டராண்ட காட்டுனது உங்க மாட்டுச் சாணி. உங்க கொட்டாயிலேர்ந்து எடுத்துக்கினு போனாங்க. நான் பாத்தேன்.”

நேரே உங்களிடம் வந்தேன். நீங்கள் மறுக்கவில்லை.

“ஆழ்வார்பேட்ட வீடுங்களுக்கு பால் நின்னா வேற ஆளப் பாத்துக்குவாங்க மேரி. உன் கன்னு சாவும்னு நான் கண்டேனா?”

மருந்து போடாததைக்கூட நான் விழுங்கியிருப்பேன். உங்களுக்கும் வயிறு இருக்கிறது. ஆனால் கன்று மடியில் கிடந்தபோது உங்களுக்குத் தெரியும், அக்கா. அதை அந்தப் புல்லுக்கு அனுப்பாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கொட்டாயிலேயே கட்டி வைத்திருப்பேன். சொன்னால் பொய் வெளியாகும் என்று சொல்லாமல், என்னோடு ஜெபம் சொன்னீர்களே. அதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

பிறகு தெருவில் எதிரெதிரே வந்தோம், பேசவில்லை. நீங்கள் நோயில் கிடையாய்க் கிடந்தபோது வந்து பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு மாடுகளைப் பற்றிக் கேட்டீர்கள், பாலைப் பற்றிக் கேட்டீர்கள். செவத்தி பேரை எடுக்கவில்லை. நான் காத்துக்கொண்டிருந்தேன். கல்லறையில் மண் போடும்போதும் ஏதோ மிச்சம் இருப்பதுபோல் நின்றேன். மன்னித்துவிட்டாயா என்று பங்குச் சாமியார் கேட்டார். இன்னும் இல்லை சாமி என்றேன்.

இப்போது ஆற்றங்கரையில் வேறு இரண்டு வீட்டு மாடுகளும் மேய்கின்றன. மருந்து போடும் நாளில் நானே ஒவ்வொரு கொட்டாயாகப் போய் நின்று பார்க்கிறேன். சாணியையும் என் கையாலேயே எடுக்கிறேன், அவர்கள் எடுத்துக் கொடுத்தால் வாங்குவதில்லை. மேரிக்கு ஒருத்தர் மேலயும் நம்பிக்கை கிடையாது என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள்.

இருந்தது, அக்கா. எல்லாவற்றையும் உங்களிடம்தான் கொடுத்து வைத்திருந்தேன்.

மேரி