ஆக்லாந்திலிருந்து மதுரை

செப்டம்பர் 1, திங்கள்

காலையிலேயே வெக்கை. தண்ணீர் லாரி வரவில்லை. மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மார்பிலிருக்கும் கட்டி பெரிதாகியிருக்கிறதாம். இரண்டு மாதம் முன்பே எடுத்திருக்க வேண்டும் என்று டாக்டரம்மா என்னைத் திட்டினார். தம்பி வராமல் ஆபரேஷன் வேண்டாம் என்று அடம் பிடிப்பது அம்மாதான்.

தம்பி சரவணன் இருப்பது நியூசிலாந்து, ஆக்லாந்தில். சாயங்காலம் போன் செய்தான். பழைய பாட்டுதான். நேர் விமானம் கிடையாது, பதினோராயிரம் கிலோமீட்டருக்கு மேல், சிங்கப்பூருக்கே பத்து மணி நேரம், அங்கே காத்துக் கிடந்து மதுரைக்கு இன்னொரு நாலு, அப்புறம் இங்கே வரக் கார். தீபாவளிக்குப் பார்க்கலாமாம்.

போனை வைத்ததும் அம்மா, "பாவம்டி, அம்புட்டு நேரம் உக்காந்தே வரணும்ல."

செப். 3, புதன்

மில் பஸ் வேடசந்தூர் போவதற்குள் தலைவலி. மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும். இரவுக்குப் பீர்க்கங்காய் வெஞ்சனம். அம்மா தொடவில்லை.

செப். 5, வெள்ளி

பெரியம்மா மகன் ராஜேந்திரன் அண்ணன் மத்தியானம் போன் செய்தார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவர். அம்மாவை விசாரித்துவிட்டுச் சொன்னார்: "தம்பிய நேத்து பழனி அடிவாரத்துல பாத்தேன் கண்ணு. கோயமுத்தூர்ல மச்சினன் கல்யாணமாமே. அப்படியே உங்க ஊட்டுக்கு வருவான்னு நெனச்சேன்."

பழனியிலிருந்து இங்கே காரில் ஒன்றரை மணி நேரம்.

மில் ஆபீஸ் பாத்ரூமில் நின்றுகொண்டு அவனைக் கூப்பிட்டேன். முதலில் ஆக்லாந்து என்றான். பழனி என்றேன். குரலைத் தாழ்த்திக்கொண்டான். பிறகு, "வந்தா ஆபரேஷன் முடியிற வரைக்கும் அம்மா விடாதுக்கா. எனக்கு லீவு இல்ல. அம்மாட்ட சொல்லிராத."

கல்யாண போட்டோ எதுவும் எனக்குத் தெரியாதபடி ஸ்டேட்டஸை மறைத்து வைத்திருக்கிறான். அதற்கு மட்டும் நேரம் இருந்திருக்கிறது.

செப். 6, சனி

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லாவிட்டால் தீபாவளி வரை உட்கார்ந்திருப்பாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"மகளையும் கூட்டிட்டு வந்திருந்தானா?"

பேத்தியைக் கேட்கிறாள். தெரியாது என்றேன். மிச்சக் கீரையையும் ஆய்ந்து, தண்டையெல்லாம் பெருக்கித் தள்ளிவிட்டு வந்து, "டாக்டரம்மாக்குப் போனப் போடு" என்றாள்.

செப். 9, செவ்வாய்

ஆஸ்பத்திரி. பச்சை கவுனில் அம்மா ரொம்பச் சின்னதாகத் தெரிந்தாள். தோடு, மூக்குத்தி என் கைக்குட்டையில். அந்த நேரம் பார்த்து அவன் போன். இன்றைக்கு ஆபரேஷன் என்று அவனுக்குத் தெரியாது. ஆக்லாந்தில் ஒரே மழையாம், வேலை அதிகமாம், எங்கேயும் நகர முடியவில்லையாம். அம்மா எல்லாவற்றுக்கும் 'ம்' போட்டாள்.

"சரிப்பா. அம்புட்டு தூரத்துல இருக்க. ஒடம்பப் பாத்துக்க."

கட்டியைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனை என்னிடம் நீட்டினாள். "நீயாக் கூப்ட்டுச் சொல்ல வேணாம். அவனாக் கேட்டாச் சொல்லு."

உள்ளே கூட்டிப் போனார்கள்.

செப். 12, வெள்ளி

மழைத் தூறல். அம்மா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். எடுத்த கட்டியைச் சோதனைக்கு மதுரைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

அவன் இன்னும் கேட்கவில்லை.