அரிசிப் போத்தல்

ரெய்னர்ஸ் லேன்,
14.10.2024

அன்புள்ள செபமண்ணைக்கு,

நாங்கள் நலம். நீங்கள் எப்படி? தொண்டை ஆப்பரேஷனில் உங்கள் குரல் போன பிறகு, உங்களோடு பேச எனக்கு இந்தக் கடுதாசியை விட்டால் வேறு வழியில்லை. போனில் எழுதி அனுப்பலாமே என்கிறாள் மகள். உங்கள் விரல் தடிப்புக்கு அந்தப் பொத்தான்கள் அகப்படாது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் நான் மூன்று கடிதம் போட்டால் நீங்கள் ஒன்று போடுவது நியாயமில்லை, அண்ணை. அந்தக் குறையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு விசேஷம். வருகிற மாதம் எனக்கு அறுபது. மகள் ஜதுர்ஷிகா பரிசாக இரண்டு பேருக்கு ஒருநாள் பயணம் பதிந்திருக்கிறாள். நவம்பர் 9, சனிக்கிழமை. சசெக்ஸ் பக்கக் காடொன்றில் நாயோடு போய், தங்க விலை விற்கிற அந்த மண்ணடிக் காளானை, ட்ரஃபிளைத் தேட வேண்டுமாம். பிறகு அந்த ஊர்ச் சாப்பாடு. பின்னேரம் ஒரு முந்திரிகைக் கொடித் தோட்டத்தில் வைன் ருசி பார்ப்பது. முதலில் என் மனுசி சிவகௌரியைக் கூப்பிட்டேன். "நாயோட சேர்ந்து மண் கிளறுறதுக்கும் காசு குடுக்கினமோ? பின்வளவைக் கிளறுங்கோ, நாலு மிளகாய்க் கண்டாவது நடலாம்" என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிவிட்டாள்.

மற்ற இடம் உங்களுக்குத்தான். சோகோவில் நாங்கள் வேலை செய்த இத்தாலிச் சாப்பாட்டுக் கடைக் குசினியில் அந்தச் சாமானைப் பூப்போலச் சீவித் தட்டுகளில் போட்டவர் நீங்கள். நான் பின்னால் நின்று சட்டி கழுவினவன். அது மண்ணுக்குள் எப்படிக் கிடக்கும் என்று இரண்டு பேரும் ஒருநாள் பார்த்துவிட்டு வருவோம். உங்களிடம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்றும் இருக்கிறது. வழியில் சொல்கிறேன்.

மறுக்க வேண்டாம்.

உங்கள் தம்பி,
கனகு


சட்டன்,
22.10.2024

அன்பின் கனகு,

கடிதம் வந்தது. அறுபதுக்கு என் வாழ்த்து. சிவகௌரி சொன்னதுதான் புத்தி. மிளகாய் நடு.

நான் வரவில்லை. கழுத்தில் ஓட்டை போட்ட நாளிலிருந்து எனக்கு மூக்கால் மூச்சு இல்லை. மூச்சில்லாத மூக்குக்கு மணமும் இல்லை. மணம் தெரியாதவனுக்கு ட்ரஃபிள் வெறும் மண்கட்டிதான். அதோடு நவம்பர் மரித்தோர் மாதம். அந்தச் சனிக்கிழமை பங்குக் கோயிலில் என் றஜீனாவுக்குப் பூசை கொடுத்திருக்கிறேன். அவள் போய் ஒன்பது வருஷம்.

அந்தச் சாமானின் பெயரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது. உனக்குத் தெரியாத கதை இல்லை, ஆனாலும் எழுதினால் கொஞ்சம் ஆறும். இருபது வருஷத்துக்கு முன்னால் அந்தக் குசினியின் ஸ்டோர்ப் பூட்டுக்குத் திறப்பு என்னிடம் இருந்தது. பெரிய ட்ரஃபிள் காணாமற்போனது என்று தெரிந்த உடனே, அத்தனை பேருக்கும் முன்னால் ஏப்ரனைக் கழற்றச் சொன்னார் தலைமைச் சமையற்காரர். நீயும் தொட்டியடியில் நின்றாய். அதற்குப் பிறகு எந்தக் குசினியும் என்னை எடுக்கவில்லை. ஓய்வு பெறும்வரை பஸ் கழுவினேன்.

கள்ளன் யார் என்று எனக்குத் தெரியும். அதற்கு முதல்நாள் சீஸ் எடுக்க என்று என்னிடம் திறப்பு வாங்கினவன், அங்கேயே எங்களோடு வேலை செய்த றஜீனாவின் தம்பி லெஸ்லி. குதிரைப் பந்தயத்தில் கையிலிருந்ததை எல்லாம் விட்டுக்கொண்டு திரிந்த காலம். கேட்டதற்கு, "மாதாவாணை நான் எடுக்கேல்லை, அத்தான்" என்றான். மாதாவை வைத்துப் பொய்ச் சத்தியம் செய்தவனை அன்றோடு வீட்டுப் படி ஏறவிடவில்லை. றஜீனாவின் சவப்பெட்டி கோயிலுக்குள் இருந்தபோதும் வாசலில் வைத்தே அவனைத் திருப்பி அனுப்பினேன்.

இப்போது அவனுக்கு ஈரலில் புற்றுநோய். ஸ்ட்ரெதமிலிருந்து அவன் மனைவி அஜித்தா ஆள் அனுப்பியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் கிடக்கிறானாம், என்னைப் பார்க்க வேண்டுமாம். நான் போகவில்லை.

நீ போய்விட்டு வந்து எல்லாவற்றையும் எழுது. உன் கடிதத்தை வாசிப்பதுதான் இப்போது எனக்கிருக்கும் சந்தோஷம்.

அன்புடன்,
செபம்


ரெய்னர்ஸ் லேன்,
10.11.2024

அன்புள்ள செபமண்ணைக்கு,

போய்விட்டு வந்தேன். உங்கள் இடத்தில் ஜதுர்ஷிகா வந்தாள். போன பன்னிரண்டு பேரில் எங்கள் நிறத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். நாய்க்கு அது ஒன்றும் பிரச்சினையாக இருக்கவில்லை. செம்மறிக்குட்டி போலச் சுருட்டை முடி, ப்ரூனோ என்று பெயர். முதல் வேலையாக என் சப்பாத்தை மணந்து பார்த்துத் தும்மியது. வெளிக்கிட முன்னர் நான் வேலை செய்கிற கடையில் கருவாட்டுப் பெட்டி இறக்கினேன், அதுவாக இருக்கும்.

காடு நனைந்து கிடந்தது. வெள்ளைச் சுண்ணாம்பு மண். நாயைக் கூட்டிவந்த பெண்ணுக்கு எங்கள் வயதுதான் இருக்கும், ஆனால் சரிவுகளில் அவள் ஏறின வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஒரு மரத்தடியில் ப்ரூனோ திடீரென்று நின்று முன்காலால் விறாண்டியது. அவள் முழந்தாளிட்டு, சின்னக் கரண்டியால் மண்ணை விலக்கி, கறுப்பு உருண்டை ஒன்றை எடுத்தாள். மரவள்ளிக் கிழங்கு பிடுங்குகிற மாதிரி இல்லை, அண்ணை. தூங்குகிற பிள்ளையைத் தூக்குகிற மாதிரி எடுத்தாள். கண்டுபிடித்த நாய்க்கு ஒரு பிஸ்கட் கிடைத்தது. அந்தச் சம்பளம் எனக்குப் பழகினதுதான்.

மத்தியானம் ஒரு பண்ணைவீட்டில் சாப்பாடு. கலக்கின முட்டைக்கு மேலே ட்ரஃபிள் சீவிப் போட்டார்கள். நீங்கள் சீவினால் தாளின் பின்பக்கம் தெரிவது போல இருக்கும், இது தடிப்பு. ஆட்டுப்பால் சீஸ், சுடச்சுடப் பாண், அப்பிளில் செய்த புளிச் சட்னி. அங்கிருந்து முந்திரிகைத் தோட்டம். நுரைக்கிற வெள்ளை வைன். ஊற்றின பையன் அதில் வைக்கோல் மணக்கிறது, பேரிக்காய் மணக்கிறது என்று அடுக்கிக்கொண்டே போனான். எனக்கு வைன்தான் மணந்தது. ருசி பார்த்துவிட்டுத் துப்புவதற்கு ஒரு வாளி வைத்திருந்தார்கள். எல்லாரும் மரியாதையாகத் துப்பினார்கள். நான் விழுங்கினேன். மகள் என்னை விலாவில் இடித்தாள். அப்படியும் விழுங்கினேன்.

ஆளுக்கொரு சின்ன ட்ரஃபிள் தந்தார்கள். என்னுடையதை அரிசிப் போத்தலில் புதைத்து இந்தப் பார்சலில் உங்களுக்கு அனுப்புகிறேன். அப்படித்தான் வைக்க வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னாள். மணம் தெரியாவிட்டாலும் உங்களிடம் இருக்கட்டும். இருபது வருஷத்துக்குப் பிறகு ஒன்றாவது உங்கள் கைக்கு வர வேண்டும்.

அண்ணை, லெஸ்லியைப் போய்ப் பாருங்கள். சாகக் கிடக்கிறவன் கேட்கிறான். நான் சொல்ல இருந்த விஷயத்தை இன்னொரு நாள் எழுதுகிறேன். இதிலேயே நாலு பக்கமாகிவிட்டது.

உங்கள் தம்பி,
கனகு


சட்டன்,
15.11.2024

அன்பின் கனகு,

பார்சல் 13ஆம் தேதி வந்தது. உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்துவிட்டேன். சத்தம் வராத என் சிரிப்பை யன்னலால் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி பயந்து கதவைத் தட்டினாள். அந்த வாளிக் கதை ஒன்றே போதும். போத்தலைக் குசினி யன்னலில் வைத்திருக்கிறேன், இன்னும் திறக்கவில்லை.

ஆனால் கடைசியில் நீ எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. கள்ளனுக்காக நீ ஏன் மன்றாடுகிறாய்? அஜித்தா திரும்பவும் ஆள் அனுப்பினாள். இன்னும் பேசுகிறானாம், சில நாட்கள்தான் என்கிறார்களாம். எடுத்தேன் என்று ஒரு சொல் சொல்லி அனுப்பட்டும், அந்த நிமிஷமே போகிறேன். என் மனைவி அவள் தம்பியைப் பார்க்காமலே கண்ணை மூடினாள். அவன் பொய் சொன்னதால் வந்தது அது. நான் பிழை விட்டிருந்தால் என்னை நானே எப்படிப் பார்ப்பேன், சொல்லு?

இதைப் பற்றி இனி எழுதாதே. வேறு எது வேண்டுமானாலும் எழுது.

அன்புடன்,
செபம்


ரெய்னர்ஸ் லேன்,
18.11.2024

அன்புள்ள செபமண்ணைக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இனிக் கிழிக்க நேரமில்லை.

லெஸ்லி எடுக்கவில்லை. ஒருவரும் எடுக்கவில்லை. நான்தான் அதைக் குப்பையில் கொட்டினேன்.

நான் வேலைக்கு வந்து மூன்றாம் கிழமை. சீஸ் எடுக்க வந்த லெஸ்லி ஸ்டோர்க் கதவைத் திறந்து வைத்திருந்தான். நான் நிலம் துடைக்க உள்ளே போனேன். சட்டி கழுவுகிறவன் எங்கே போகிறான் என்று யாரும் பார்ப்பதில்லை. மேல்தட்டில் கண்ணாடிப் போத்தல் நிறைய அரிசி. தூசு துடைக்க எடுத்தபோது ஒரு மணம் வந்தது, மூடியைத் திறந்தேன். காஸ் ஒழுகுவது போல நாற்றம். கையை விட்டால், கறுத்துச் சொரசொரத்த உருண்டை ஒன்று. உருளைக்கிழங்கு விழுந்து அழுகி அரிசி பழுதாகிவிட்டது என்று நினைத்தேன். நாறின அரிசியை எங்கள் வீடுகளில் யார் வைத்திருப்பார்கள்? எல்லாவற்றையும் கொட்டி, போத்தலைச் சுடுநீரில் தேய்த்துக் கழுவித் துடைத்து, புது அரிசி நிரப்பி, இருந்த இடத்திலேயே வைத்தேன். செபமண்ணை கண்டால் மெச்சுவார் என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் தலைமைச் சமையற்காரர் கத்தியபோது எனக்குப் பாதிதான் விளங்கியது. அரிசி இருக்கிறது, உள்ளே இருந்தது எங்கே என்று அவர் அந்தப் போத்தலைத் தூக்கிக் காட்டியபோது முழுவதும் விளங்கியது. வாயைத் திறக்க நேரம் இருந்தது. என் அகதி வழக்கு முடியவில்லை. உங்கள் சொல்லை நம்பித்தான் எனக்கு வேலை தந்திருந்தார்கள். நீங்கள் கைத்திறமை உள்ளவர், வேறு இடம் எடுத்துவிடுவீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்றேன். நீங்கள் லெஸ்லியைச் சந்தேகிக்கிறீர்கள் என்று தெரிந்த அன்றும் நாளைக்கு என்றேன். றஜீனாக்காவின் செத்தவீட்டில், கோயில் வாசலில் நீங்கள் அவனைத் திருப்பி அனுப்பியபோது, நான் உங்களுக்குப் பின்னால் இரண்டாம் வரிசையில் நின்றேன். அதையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நேரில் வந்து உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அதுதான் எழுதுகிறேன். உடனே லெஸ்லியிடம் போங்கள். பிறகு என்னை என்ன செய்தாலும் சரி.

என்னை மன்னித்துவிடுங்கள், அண்ணை.

கனகலிங்கம்


சட்டன்,
9.12.2024

கனகலிங்கம்,

உன் கடிதம் 21ஆம் தேதி, வியாழக்கிழமை காலை வந்தது. லெஸ்லி அதற்கு முதல்நாள், புதன்கிழமை மத்தியானம் போய்விட்டான்.

உன் பார்சல் வந்த 13ஆம் தேதி, புதன்கிழமை, அவன் தலையணையில் சாய்ந்திருந்து தேத்தண்ணி குடித்தானாம். கதவு திறக்கும்போதெல்லாம் "அத்தானே?" என்று கேட்டானாம். அஜித்தா சொன்னாள். அந்தப் பார்சலில் நீ நாலு பக்கம் எழுதியிருந்தாய். நாய் இருந்தது, முட்டை இருந்தது, சீஸ், வைன், துப்புகிற வாளி எல்லாம் இருந்தன. அவற்றோடு ஒரு வரி இருந்திருந்தால் நான் அன்று பின்னேரமே பஸ் ஏறியிருப்பேன். நான் அந்த வாளியை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

செத்தவீட்டுக்குப் போனேன். கோயில் வாசலில் என்னை ஒருவரும் திருப்பி அனுப்பவில்லை. பெட்டியடியில் நின்று சொல்ல எனக்குக் குரல் இல்லை. பேசுவதற்கு வைத்திருக்கும் கொப்பியில் "நீ எடுக்கேல்லை. எனக்கு இப்பதான் தெரியும்" என்று எழுதிக் கிழித்து, அவன் கோட்டுப் பைக்குள் வைத்தேன். இருபது வருஷத்துக்கு அந்தத் துண்டு காணாது.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எழுதிக் கொடுத்தேன், சுவாமி வாசித்தார். உன்னைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. தன் அக்காவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க வந்தவனை வாசலில் மறித்தவன் நான், நீ அல்ல. அதை எழுதினேன்.

நேற்று அஜித்தா வந்தாள். அவளுக்கு எல்லாவற்றையும் எழுதிக் காட்ட வேண்டும் என்று நினைத்து, கொப்பி எடுக்க அறைக்குள் போனேன். திரும்பி வந்தால் யன்னலில் இருந்த போத்தலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். "அண்ணை, உங்களுக்கு மணம் தெரியாது, அதுதான் வைச்சிருக்கிறியள். இந்த அரிசி பழுதாப் போச்சுது" என்றாள். நான் கையைத் தூக்குவதற்குள் குப்பைக்குள் கொட்டிவிட்டாள். பிறகு சுடுநீர் விட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அவள்மேல் துளிகூடக் கோபம் வரவில்லை. யாருக்குத்தான் வரும்?

கொட்டினதில் ஒரு குற்றமும் இல்லை, கனகலிங்கம். அன்று நீ "நான்தான் கொட்டினன், அண்ணை" என்று சொல்லியிருந்தால் அந்தத் தலைமைச் சமையற்காரன் கத்தியிருப்பான். நானும் லெஸ்லியும் உன்னை இழுத்துக்கொண்டு பின்கதவால் வெளியே போய், வயிறு நோகச் சிரித்திருப்போம். வீட்டுக்குப் போய் றஜீனாவுக்கும் சொல்லியிருப்போம்.

நீ மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். கள்ளன் என்று எனக்கு வந்த பேருக்கு மன்னித்துவிட்டேன். மற்றது என் கையில் இல்லை. அதைத் தரக்கூடியவர்கள் இரண்டு பேரும் மண்ணுக்குள் இருக்கிறார்கள்.

இனி எனக்கு எழுத வேண்டாம். சிவகௌரியையும் பிள்ளையையும் நன்றாகப் பார்த்துக்கொள்.

போத்தல் உன்னுடையது. கழுவிக் காய்ந்துவிட்டது. இதோடு அனுப்புகிறேன்.

செபமாலைமுத்து